பிரெஞ்சு வகுப்பு: எந்த விளையாட்டு எந்தத் தப்புக்கு?

பிரெஞ்சு சொல்லித் தருகிறவர்கள் நாலு பேர் கூடினால் ‘ஆக்டிவிட்டி’ பற்றிய பேச்சு வந்தே தீரும். எந்த வகுப்பில் பிள்ளைகள் அதிகம் சிரித்தார்கள் என்பதோடு அந்தப் பேச்சு முடிந்தும் போகும். எனக்கு அது போதாது. பிள்ளை தடுமாறுவது காதிலா, வாயிலா, கையிலா என்று பார்த்துவிட்டுத்தான் விளையாட்டைத் தேர்ந்தெடுக்க வேண்டும்.

முதலில் வினைச்சொல். ‘நான் பேசுகிறேன்’, ‘நீ பேசுகிறாய்’, ‘அவர்கள் பேசுகிறார்கள்’ மூன்றிலும் பிரெஞ்சில் வினை காதில் விழுவது ஒரே மாதிரி: ‘பார்ல்’. எழுதும்போது மட்டும் ஒன்று ஈ-யில் முடியும், அடுத்தது ஈ-எஸ், மூன்றாவது ஈ-என்-டி. தமிழில் விகுதி வாய்விட்டு ஒலிக்கும். அதைக் கேட்டே எழுதிப் பழகிய பிள்ளைக்கு இந்த ஊமை எழுத்துகள் பெரும் தொல்லை.

இதற்கு எல்லோரும் எடுப்பது கப்பல் சண்டை, பிரெஞ்சுக்காரர்களின் ‘பதாய் நவால்’. கட்டம் போட்டு, மேலே நான், நீ, அவன் முதலிய மூவிடப்பெயர்களும் பக்கவாட்டில் வினைகளும் எழுத வேண்டும். எதிராளியின் கப்பலைச் சுட, அந்தக் கட்டத்துக்குரிய வடிவத்தைச் சரியாகச் சொல்ல வேண்டும். தப்பாகச் சொன்னால் குண்டு வீண். ‘போ’ என்னும் ‘அலே’ போன்ற ஒழுங்கற்ற வினைகளுக்கு இதை மிஞ்சியது இல்லை. ‘வே’, ‘வா’, ‘அலோன்’, ‘வோன்’ என்று ஒவ்வொன்றும் தனித்து ஒலிப்பதால் தப்பு உடனே மாட்டிக்கொள்ளும். ஆனால் ‘பார்ல்’ வகை வினைகளில் இந்த விளையாட்டு ஏமாற்றிவிடும். பிள்ளை மனத்தில் எந்த எழுத்தை வைத்துச் சொன்னாலும் ஒலி சரியாகத்தானே இருக்கும்!

அங்கே கைகொடுப்பது பழைய ‘திக்தே’, அதாவது சொல்வதெழுதுதல். பிரான்சில் அது கிட்டத்தட்ட ஒரு தேசியப் பொழுதுபோக்கு. 1857-ல் மூன்றாம் நெப்போலியன் அவையில் எழுத்தாளர் மெரிமே ஒரு திக்தே கொடுத்ததாகவும், பேரரசர் 75 தப்பு செய்ய, ஆஸ்திரியத் தூதர் மெட்டர்னிக் மூன்றே தப்போடு தப்பித்ததாகவும் ஒரு கதை உண்டு. 1985-ல் பத்திரிகையாளர் பெர்னார் பிவோ தொடங்கிவைத்த திக்தே போட்டி தொலைக்காட்சி வரை போனது. நம் வகுப்பில் மட்டும் திக்தே என்றாலே முகம் வாடுகிறது. அதனால் நான் சொல்வது ஓடும் திக்தே. பத்தியைத் தாழ்வாரச் சுவரில் ஒட்டிவிட்டு, ஒருவர் ஓடிப்போய்ப் படித்து வந்து சொல்ல, இணையானவர் எழுத வேண்டும். “முடிவில் என்-டி இருந்துச்சா, இல்லையா?” என்று இருவரும் சண்டை போடும் நேரத்தில்தான் ஊமை எழுத்து மூளையில் ஏறுகிறது. குறை என்றால், பெஞ்சு நெருக்கமான வகுப்பில் ஓட இடம் இருக்காது, பக்கத்து வகுப்பு ஆசிரியர் கதவைத் தட்டுவார்.

சொல்வளத்துக்கு வருவோம். நம்மூர் ‘நேம், பிளேஸ், அனிமல், திங்’ விளையாட்டின் பிரெஞ்சு உடன்பிறப்பு ‘ப்தி பாக்’. ஆர்வமாக ஆடுவார்கள், சொல் கொட்டும். ஆனால் வருவதெல்லாம் மொட்டைச் சொல், ஆண்பாலா பெண்பாலா என்று தெரியாது. மேசை பெண்பால், புத்தகம் ஆண்பால் என்பதைச் சொல்லோடு சேர்த்தே பழகாவிட்டால் பிறகு ஒட்டவே ஒட்டாது. ‘ஒரு’ என்பதற்கு ஆண்பாலில் வரும் ‘அன்’ அல்லது பெண்பாலில் வரும் ‘யூன்’ போடாத சொல்லுக்கு மதிப்பெண் இல்லை என்று விதி வைத்தால் ஓரளவு தேறும்.

என் ஓட்டு ‘செத் ஃபமீய்’ சீட்டாட்டத்துக்கு. ஏழு குடும்பம், குடும்பத்துக்கு ஆறு பேர், ஆக 42 சீட்டு. ‘இந்தக் குடும்பத்தில் அம்மாவைக் கேட்கிறேன்’ என்று முழு வாக்கியமாகக் கேட்டால்தான் சீட்டு கிடைக்கும். குடும்பத்துக்குப் பதிலாக உணவுப் பொருள்களை வரைந்துவிட்டால் இலக்கணமும் கூடவே வந்துவிடும். ஒருவர் ‘தியூ ஃப்ரொமாஜ்’ (கொஞ்சம் பாலாடைக்கட்டி) கேட்பார், அது இல்லாதவர் ‘பா த ஃப்ரொமாஜ்’ (பாலாடைக்கட்டி இல்லை) என்பார். இன்னொருவர், பெண்பால் சொல் என்பதால் ‘த லா கொன்ஃபிதூர்’ என்று கேட்டு ஜாம் தேடினால், இல்லை என்பதற்கு மறுபடி ‘பா த’ தான். எதிர்மறையில் ‘தியூ’வும் ‘த லா’வும் ‘த’ ஆகிவிடும் என்ற விதியைக் கரும்பலகையில் எழுதாமலே பிள்ளைகள் பிடித்துக்கொள்வார்கள். பெரிய வகுப்பென்றால் ஆறேழு கட்டுச் சீட்டு தயாரிக்க வேண்டும், அந்த உழைப்பைக் கணக்கில் வைத்துக்கொள்ளுங்கள்.

எண்களுக்குத் தம்போலா போதும். சீட்டில் 90 வரை இருப்பதால் 72 போன்ற சிக்கல்கள் தானாக வரும்: ‘சுவாசாந்த்’ என்று கேட்டதும் 60-ஐத் தேடுவார்கள், பின்னாலேயே ‘தூஸ்’ வந்து 72 ஆக்கிவிடும். காதுக்கு நல்ல பயிற்சி. ஆனால் எண்களைக் கூப்பிடுபவர் ஆசிரியராகவே இருந்தால் பிள்ளைகள் வாயே திறக்க மாட்டார்கள். பிரெஞ்சு மொழித்திறனுக்கான டெல்ஃப் தேர்வின் தொடக்க நிலையான ஏ1-இல் கேட்டல், படித்தல், எழுதுதல், பேசுதல் நான்குக்கும் தலா 25 மதிப்பெண். அதனால் எண்களைக் கூப்பிடும் வேலையையும் பிள்ளைகளிடமே விட்டுவிடுங்கள். கஹூட் போன்ற செல்போன் வினாடி வினா மீள்பார்வைக்குச் சரி, புதிதாகக் கற்றுத்தர உதவாது.

கடைசியாக, கடந்தகாலத்தில் ‘எத்ர்’ (இரு) துணைவினை எடுக்கும் வினைகள். மற்ற வினைகள் ‘அவுவார்’ (உடைத்தாயிரு) எடுக்கும். ‘டாக்டர் மிஸஸ் வேண்டர்டிராம்ப்’ என்ற ஆங்கிலச் சூத்திரம் 16 வினைகளின் முதலெழுத்துகளைக் கோத்துத் தருகிறது. எழுத்துத் தேர்வில் ஓரத்தில் கிறுக்கிவைத்துப் பார்க்கலாம். பேசும்போது 16 எழுத்தை ஓட்டிப் பார்க்க யாருக்கு நேரம்? அதற்கு மாற்று ‘எத்ர் வீடு’. ஒரு வீட்டை வரைந்து, ஒருவர் மாடி ஏறுகிறார், ஒருவர் இறங்குகிறார், ஒருவர் சன்னலிலிருந்து விழுகிறார், ஓர் அறையில் குழந்தை பிறக்கிறது என்று நிரப்புவது. ஏறுபவர் பெண்ணாக இருந்தால் எழுத்தில் ஓர் ஈ கூடுவதைப் படத்திலேயே காட்டலாம். அவள் கையில் பெட்டியைக் கொடுத்து மாடிக்கு ஏற்றச் சொன்னால், அதே வினை ‘எத்ர்’-ஐ விட்டு ‘அவுவார்’-க்கு மாறுவதையும் காட்டலாம். செயப்படுபொருள் வந்துவிட்டதல்லவா? சூத்திரத்தில் இதற்கெல்லாம் இடமே இல்லை. தன்னைத் தானே கழுவிக்கொள்வது, எழுந்துகொள்வது போன்ற வினைகளும் ‘எத்ர்’தான் எடுக்கும், வழக்கமான படத்தில் அவை இருக்காது. அதற்கு ஒரு படுக்கையறையும் குளியலறையும் கூடுதலாக வரைந்துவிட்டால் போதும்.