குடியை நிறுத்த எங்கே போவது? தமிழ்நாட்டில் இருக்கும் வழிகள், ஓர் ஒப்பீடு

குடிப்பவரைச் சிகிச்சைக்குச் சேர்க்கும் முடிவை எந்த வீடும் நிதானமாக எடுப்பதில்லை. வேலை போன வாரம், ரத்த வாந்தி எடுத்த இரவு, பிள்ளைகள் முன்னால் அடிதடி நடந்த மறுநாள் என்று ஏதோ ஒரு நெருக்கடியில்தான் “இனி தாங்காது, எங்கேயாவது சேர்த்துவிடலாம்” என்ற பேச்சு வருகிறது. அந்த அவசரத்தில் செல்போனில் தேடினால் முதலில் கண்ணில் படுவது விளம்பரம் கொடுத்த தனியார் மையம். அவர்கள் உடனே எடுத்துப் பேசுவார்கள், வண்டியும் அனுப்புவார்கள். பக்கத்திலேயே இருக்கும் அரசு மருத்துவமனை யாருக்கும் நினைவுக்கு வருவதில்லை.

2019-இல் வெளியான எய்ம்ஸ் மருத்துவமனையின் தேசிய ஆய்வின்படி, மதுவுக்கு அடிமையானவர்களில் 38 பேரில் ஒருவருக்குத்தான் ஏதாவதொரு சிகிச்சை கிடைத்திருக்கிறது. உள்நோயாளியாகச் சேர்ந்தவர் 180 பேரில் ஒருவர். இவ்வளவு பேர் வெளியே நிற்கும்போது, உள்ளே போகிற ஒருவராவது சரியான கதவைத் தட்ட வேண்டும் என்பதுதான் என் ஆதங்கம்.

ஒப்பிடும்போது பெரும்பாலானவர்கள் கட்டணத்தையும் அறை வசதியையும் பார்க்கிறார்கள். நான் கேட்கச் சொல்வது இரண்டு கேள்விகள். முதல் ஐந்து நாட்களை யார் பார்த்துக்கொள்வார்கள்? ஆறாவது மாதத்தில் யார் கூட இருப்பார்கள்?

முதல் கேள்வி உயிர் சம்பந்தப்பட்டது. வருடக்கணக்கில் தினமும் குடித்தவர் திடீரென்று நிறுத்தினால் சில மணி நேரத்திலேயே கை நடுக்கம், வியர்வை, படபடப்பு, தூக்கமின்மை தொடங்கும். முதல் இரண்டு நாட்களுக்குள் வலிப்பு வரலாம். இரண்டாம் நாளிலிருந்து நான்காம் நாள் வரை சிலருக்குப் புத்தி தடுமாறும். இல்லாத பூச்சியைத் தட்டுவார்கள், இல்லாத ஆளோடு பேசுவார்கள், காய்ச்சலும் ரத்த அழுத்தமும் ஏறும். இதைப் பேய் பிடித்தது என்று எண்ணி மந்திரிக்கக் கூட்டிப்போன வீடுகள் உண்டு. கவனிக்காமல் விட்டால் உயிரே போகலாம். சபரிமலைக்கு மாலை போட்ட கையோடு ஒரேயடியாக நிறுத்திவிட்டு, இரண்டாம் நாள் வலிப்போடு அவசரப் பிரிவுக்கு வருகிறவர்களும் இருக்கிறார்கள். விரதம் நல்லதுதான். ஆனால் தினசரி கடுமையாகக் குடித்தவர் மாலை போடும் முன் மருத்துவரைப் பார்த்துவிட வேண்டும்.

இந்தக் கட்டத்துக்கு மருந்து இருக்கிறது. குளோர்டயசெபாக்சைடு, டயசெபாம், கல்லீரல் கெட்டிருந்தால் லோராசெபாம் என்று மருத்துவர் தேர்ந்தெடுத்து, அளவைப் படிப்படியாகக் குறைப்பார். கூடவே தயமின் என்ற பி1 வைட்டமின் ஊசி. குடிப்பவர்களின் உடலில் இது வற்றிப்போயிருக்கும். இதைப் போடாமல் குளுக்கோஸ் மட்டும் ஏற்றினால் மூளை பாதிக்கப்படும் ஆபத்து உண்டு. ஆக, நீங்கள் விசாரிக்கும் இடத்தில் ராத்திரி இரண்டு மணிக்கு வலிப்பு வந்தால் ஊசி போட ஆள் இருக்கிறாரா என்பதுதான் முதல் உரைகல்.

அரசு மருத்துவமனை

அந்த உரைகல்லில் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைதான் முன்னால் நிற்கிறது. மனநலப் பிரிவு, அவசரப் பிரிவு, தீவிர சிகிச்சை, குடல் மற்றும் கல்லீரல் மருத்துவர் என எல்லாம் பெரும்பாலும் ஒரே வளாகத்தில் இருக்கின்றன. மருந்தும் படுக்கையும் இலவசம். மாவட்ட மனநலத் திட்டத்தின் கீழ் தாலுகா மருத்துவமனைகளுக்கும் குறிப்பிட்ட நாட்களில் மனநல மருத்துவர் வருகிறார். 2025-இல் ‘கலங்கரை’ என்ற பெயரில் 25 போதை மீட்பு, மறுவாழ்வு மையங்களை அரசு மருத்துவமனைகளில் தொடங்கினார்கள். சென்னையில் 1794-இலிருந்து வரலாறு உள்ள கீழ்ப்பாக்கம் மனநலக் காப்பகத்திலும் போதை மீட்புக்கு இடம் உண்டு. அந்தப் பெயரைக் கேட்டதும் தயங்குகிறவர்கள் அதிகம். ஆனால் இந்த நோயை நாள்தோறும் பார்த்துப் பழகிய மருத்துவர்கள் இருக்கும் இடம் அது.

குறைகளையும் சொல்லியாக வேண்டும். ஓபியில் கூட்டம், மருத்துவர் பேசக் கிடைக்கும் நேரம் குறைவு. வார்டில் துணைக்கு வீட்டு ஆள் ஒருவர் இருக்க வேண்டியிருக்கும். கூலி வேலைக்குப் போகிற குடும்பத்துக்கு அதுவே சுமை. உடல் தேறியதும் அனுப்பிவிடுவார்கள், நீண்ட கவுன்சலிங்கை எதிர்பார்க்க முடியாது. முதல் கேள்விக்கு நல்ல மதிப்பெண். இரண்டாவது, குடும்பம் மாதாமாதம் ஓபிக்கு அழைத்துப் போவதைப் பொறுத்தது.

தொண்டு நிறுவனங்கள்

இரண்டாவது கேள்வியில் இவர்கள்தான் பலம். சென்னையின் டி.டி.கே. மருத்துவமனையை எடுத்துக்கொள்ளலாம். குடியால் கணவரை இழந்த சாந்தி ரங்கநாதன் 1980-இல் தொடங்கிய டி.டி.ரங்கநாதன் அறக்கட்டளையின் மருத்துவமனை அது. அவருக்கு 1992-இல் பத்மஸ்ரீ கிடைத்தது. அங்கே குடிப்பவருக்கு மட்டுமல்ல, மனைவிக்கும் பெற்றோருக்கும் தனி வகுப்புகள் நடக்கின்றன. இதை நான் மிகவும் மதிக்கிறேன். ஏனென்றால் பதினைந்து வருடம் குடியோடு வாழ்ந்த வீட்டில் மனைவியும் பிள்ளைகளும்கூட நொந்துபோயிருப்பார்கள். கணக்குப் பார்ப்பது, பாட்டிலைத் தேடுவது, வேலை செய்யும் இடத்துக்குப் பொய் சொல்லிச் சமாளிப்பது என்றே பழகிய வீட்டுக்கு, அவர் குடிக்காமல் வந்து நின்றால் என்ன செய்வதென்று தெரியாது. அதையும் யாராவது சொல்லித் தர வேண்டும்.

மத்திய சமூகநீதி அமைச்சகத்தின் நிதியில் தொண்டு நிறுவனங்கள் நடத்தும் ஒருங்கிணைந்த மறுவாழ்வு மையங்கள் பல மாவட்டங்களில் இருக்கின்றன. அங்கே சேரக் கட்டணம் கிடையாது. எந்த ஊரில் எது என்று கேட்க 14446 என்ற கட்டணமில்லா எண் இருக்கிறது.

சிரமம் என்னவென்றால் படுக்கைகள் குறைவு, காத்திருக்க வேண்டிவரும். உடல் மிக மோசமாக இருந்தால் முதலில் பெரிய மருத்துவமனைக்கு அனுப்புவார்கள், அது சரியும்கூட. நோயாளி தானாகச் சம்மதித்து வர வேண்டும் என்றும் பெரும்பாலும் எதிர்பார்ப்பார்கள். “அவர் சம்மதித்தால் நாங்கள் ஏன் இவ்வளவு கஷ்டப்படுகிறோம்” என்று குடும்பம் கேட்பது நியாயம்தான். அப்படியானால் அவர் இல்லாமலேயே மனைவியோ அம்மாவோ முதலில் போய் ஆலோசகரைப் பார்க்கலாம். பல வீடுகளில் மாற்றம் அந்தப் பக்கத்திலிருந்துதான் தொடங்குகிறது.

தனியார் மையங்கள்

இதில்தான் அதிக கவனம் வேண்டும், ஏனென்றால் ஒரே பெயர்ப்பலகைக்குக் கீழே இரண்டு வேறு விஷயங்கள் நடக்கின்றன. ஒன்று, மனநல மருத்துவர் முழுநேரமாக நடத்தும் மருத்துவமனை. இன்னொன்று, வாடகை வீட்டில் ஆட்களைப் பூட்டி வைத்து, வாரத்துக்கு ஒருமுறை மருத்துவர் வந்து போகும் ‘சென்டர்’. இரண்டும் தங்களைப் போதை மறுவாழ்வு மையம் என்றே சொல்லிக்கொள்ளும். மாதம் பத்தாயிரம் வாங்கும் இடமும் உண்டு, லட்சத்தைத் தாண்டும் இடமும் உண்டு. விலையை வைத்துத் தரத்தைச் சொல்ல முடியாது.

2022-இல் சென்னை ராயப்பேட்டையில் ஒரு தனியார் மையத்தில் சேர்க்கப்பட்டவர் அடிபட்டு இறந்து, மையத்தைச் சேர்ந்தவர்கள் கைதானார்கள். எல்லா இடமும் அப்படி இல்லை. நல்ல மருத்துவர்கள் மனசாட்சியோடு நடத்தும் தனியார் மருத்துவமனைகள் பல இருக்கின்றன. பிரித்துப் பார்க்கும் பொறுப்புதான் நம்முடையது.

2017-ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டம், மது மற்றும் போதைப் பழக்கத்தோடு வரும் மனநிலைகளையும் மனநோய் என்ற வரையறைக்குள் வைத்திருக்கிறது. அதனால் இந்த மையங்கள் மாநில மனநல ஆணையத்தில் பதிவு பெற்றிருக்க வேண்டும். சான்றிதழைக் காட்டச் சொல்லுங்கள், தேதி முடிந்திருக்கிறதா பாருங்கள். மனநல மருத்துவரின் பெயர் என்ன, எந்தெந்த நாள் வருகிறார், ராத்திரியில் செவிலியர் யார் என்று கேளுங்கள். தங்கும் அறையையும் கழிப்பறையையும் நேரில் பார்க்கவிடாத இடத்தில் சேர்க்காதீர்கள். “முதல் ஒரு மாதம் குடும்பம் பார்க்கவோ போனில் பேசவோ கூடாது” என்று சொன்னால் எழுந்து வந்துவிடுங்கள். சங்கிலியால் கட்டுவதைச் சட்டம் முழுமையாகத் தடுக்கிறது. நோயாளிக்கு வெளியே பேசவும் புகார் சொல்லவும் உரிமை இருக்கிறது.

அப்புறம் இந்த ‘ஆள் அனுப்பித் தூக்கி வருவது’. நடுராத்திரியில் நான்கு பேர் வந்து, கை காலைப் பிடித்து வண்டியில் ஏற்றிப் போவார்கள். குடும்பமே பணம் கட்டி இதைச் செய்யச் சொல்கிறது. அந்தக் குடும்பத்தின் கையாலாகாத நிலை எனக்குப் புரிகிறது. ஆனாலும் இதை நான் ஒருபோதும் சொல்லித்தர மாட்டேன். சம்மதம் இல்லாமல் சேர்க்கவும் சட்டம் ஒரு வழி வைத்திருக்கிறது. அவர் தனக்கோ பிறருக்கோ ஆபத்தாக இருந்தாலோ, தன்னையே பார்த்துக்கொள்ள முடியாத நிலையில் இருந்தாலோ, ஒரு மனநல மருத்துவரும் இன்னொரு தகுதியான நிபுணரும் தனித்தனியாகப் பரிசோதித்து ஒப்புக்கொண்டால் முப்பது நாள் வரை சேர்க்கலாம். இப்படிச் சேர்த்ததை அந்தச் சட்டத்தின் கீழ் உள்ள மனநல மறுஆய்வு வாரியத்துக்கும் தெரிவிக்க வேண்டும். இந்த நடைமுறை எதுவும் இல்லாமல் தூக்கிப் போனவர் வெளியே வந்ததும் முதலில் இழப்பது குடும்பத்தின் மீதான நம்பிக்கையை. ஆறாவது மாதத்தில் நமக்குத் தேவைப்படுவதே அந்த நம்பிக்கைதான்.

காப்பீட்டை நம்பித் தனியாரில் சேர்ப்பவர்கள் பாலிசியை முதலில் படித்துவிடுங்கள். மது, போதைப் பழக்கத்துக்கான சிகிச்சை என்பது மருத்துவக் காப்பீட்டில் வழக்கமாக விலக்கி வைக்கப்படும் ஒன்று.

ஏ.ஏ. கூட்டங்கள்

ஏ.ஏ. என்பது ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ், குடியிலிருந்து மீண்டவர்களும் மீள விரும்புகிறவர்களும் கூடி ஒருவருக்கொருவர் துணை நிற்கும் அமைப்பு. அது 1935-இல் அமெரிக்காவில் தொடங்கியது, இந்தியாவுக்கு 1957-இல் வந்தது. தமிழ்நாட்டில் தமிழிலேயே கூட்டங்கள் நடக்கின்றன, பெரும்பாலும் சர்ச் வளாகத்திலோ பள்ளி அறையிலோ. கட்டணம் இல்லை, குடியை நிறுத்தும் விருப்பம் இருந்தால் போதும். குடும்பத்தினருக்கு அல்-அனான் என்று தனிக் கூட்டம்.

முதல் ஐந்து நாட்களுக்கு இது உதவாது, மருந்து கொடுக்கும் இடமல்ல. ஆனால் ஆறாவது மாதத்துக்கு இதற்கு நிகராகக் காசில்லாமல் கிடைக்கும் ஒன்று எனக்குத் தெரியவில்லை. ஊரில் கல்யாணம், சாவு, தீபாவளி எல்லாவற்றிலும் பாட்டில் திறக்கும் சூழலில், சாயங்காலம் ஆறு மணிக்குக் கை துடிக்கும்போது போன் செய்ய, தானும் குடித்து மீண்ட ஒருவர் வேண்டும். சிலருக்கு அந்தக் கூட்டங்களின் ஆன்மிகப் பேச்சு ஒட்டாது. சில வாரம் போய்ப் பார்த்துவிட்டு, பிடிக்கவில்லையென்றால் ஆலோசகரிடமே தொடரலாம்.

சேராமலே சிகிச்சை

எல்லோரும் படுக்கையில் சேர வேண்டியதில்லை என்பது பலருக்கும் தெரிவதில்லை. முன்பு வலிப்போ புத்தித் தடுமாற்றமோ வராதவர், உடல் ஓரளவு நன்றாக இருப்பவர், வீட்டில் பார்த்துக்கொள்ள ஆள் உள்ளவர் என்றால் ஓபியிலேயே மருந்து எடுத்து நிறுத்தலாம். பிறகு குடி ஏக்கத்தைக் குறைக்க நால்ட்ரெக்ஸோன், அகாம்ப்ரோசேட் போன்ற மாத்திரைகள் இருக்கின்றன. எதைக் கொடுப்பது என்பது கல்லீரல், சிறுநீரகப் பரிசோதனையைப் பார்த்து மருத்துவர் சொல்வது. வேலையை விட முடியாதவருக்கு இது நல்ல வழி.

டைசல்ஃபிராம் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். அதைச் சாப்பிட்டவர் குடித்தால் முகம் சிவந்து, வாந்தி, மூச்சுத்திணறல், நெஞ்சுப் படபடப்பு வரும். அந்தப் பயத்திலேயே குடிக்காமல் இருக்க உதவும் மாத்திரை. மாத்திரையை நிறுத்தி இரண்டு வாரம் வரைகூட அதன் விளைவு தங்கும். தெரிந்து, சம்மதித்து, மருத்துவர் கண்காணிப்பில் சாப்பிட்டால் பலன் உண்டு. தெரியாமல் சாம்பாரில் கலந்து கொடுப்பது கொலை முயற்சிக்குச் சமம். “அவருக்கே தெரியாமல் குடியை மறக்கடிக்கும் பொடி” என்று சுவரொட்டி ஒட்டி விற்பதில் என்ன கலந்திருக்கிறது என்று வாங்குபவருக்குத் தெரியாது. தயவுசெய்து வாங்காதீர்கள். கோயிலில் கயிறு கட்டுவது அப்படி அல்ல. அதில் தீங்கில்லை, மனதுக்கு ஒரு பிடிப்பு தரும். மருத்துவரையும் பார்த்துவிட்டுக் கட்டுங்கள்.

கஞ்சா, வலி மாத்திரை என்றால்

கணக்கு கொஞ்சம் மாறும். கஞ்சாவுக்கென்று தனி மருந்து கிடையாது, கவுன்சலிங்தான் அடிப்படை. ஆனால் சந்தேகம், காதில் குரல் கேட்பது போன்றவை வந்திருந்தால் மனநல மருத்துவரை உடனே பார்க்க வேண்டும். டபென்டடால் போன்ற வலி மாத்திரைகளைக் கரைத்து ஊசியாகப் போட்டுக்கொள்ளும் இளைஞர்களுக்கு, அந்த ஏக்கத்தைக் குறைக்கும் பூப்ரெனார்ஃபின் என்ற மருந்தால் சிகிச்சை உண்டு. இவர்களுக்கு மருத்துவர் இல்லாத மையம் கூடவே கூடாது. சில வாரம் அடைத்து வைத்து வெளியே விட்டால் உடலின் தாங்குசக்தி குறைந்திருக்கும். பழைய அளவையே மறுபடி போட்டுக்கொண்டால் மூச்சு நின்றுவிடும்.

போலீஸ் பயத்தில் மறைக்கும் பெற்றோர் ஒன்றைத் தெரிந்துகொள்ள வேண்டும். போதைப்பொருள் தடுப்புச் சட்டத்தின் 64ஏ பிரிவு, சிறிய அளவு வைத்திருந்த அல்லது பயன்படுத்திய வழக்கில் சிக்கியவர் தானாக முன்வந்து அங்கீகரிக்கப்பட்ட இடத்தில் சிகிச்சை எடுத்தால் வழக்கிலிருந்து விலக்குப் பெற வழி தருகிறது.

நான் எதைச் சொல்வேன்?

தினமும் காலையிலேயே குடித்தால்தான் கை நிற்கும் என்ற நிலை, முன்பு வலிப்பு, மஞ்சள் காமாலை, ரத்த வாந்தி: இதில் ஒன்று இருந்தாலும் யோசிக்காமல் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை. அங்கே உடல் தேறியதும் தொண்டு நிறுவன மையம், கூடவே ஏ.ஏ. இந்த மூன்றையும் சேர்த்தாலும் பெரிய செலவு வராது. உடல் நன்றாக இருந்து, அவருக்கே நிறுத்தும் ஆசை இருந்தால் ஓபி மருந்தும் கவுன்சலிங்கும் போதும். பணம் இருந்து, அரசு வார்டு ஒத்துவராது என்றால் மனநல மருத்துவர் நேரடியாக நடத்தும் தனியார் மருத்துவமனை. வெறும் ‘சென்டர்’ என் பட்டியலிலேயே இல்லை. பெண்ணுக்குச் சிகிச்சை தேடுகிறவர்கள் கிளம்பும் முன் போன் செய்து மகளிர் பிரிவு இருக்கிறதா என்று கேட்டுவிடுங்கள், பல மையங்கள் ஆண்களை மட்டுமே சேர்க்கின்றன. ராத்திரியில் யாரிடமாவது பேசியே ஆக வேண்டும் என்றால் டெலி மானஸ் என்ற அரசின் மனநல உதவி எண் 14416-இல் தமிழில் பேசலாம்.

திரும்பக் குடித்துவிட்டால், சேர்த்த இடம் மோசம் என்றோ இவர் திருந்தவே மாட்டார் என்றோ முடிவு கட்ட வேண்டாம். சர்க்கரை நோய் போல இதுவும் கட்டுக்குள் வந்து, சறுக்கி, மறுபடி கட்டுக்குள் வரும் நோய். சறுக்கிய மறுநாளே அதே மருத்துவரிடம் போகலாம்.

முதல்முறை ஓபிக்குப் போகும்போது பழைய ரத்தப் பரிசோதனைத் தாள்கள், சாப்பிடும் மற்ற மாத்திரைகளின் அட்டை, ஆதார் அட்டை எடுத்துக்கொள்ளுங்கள். கடைசியாக எப்போது, எவ்வளவு குடித்தார் என்பதை மருத்துவரிடம் குறைக்காமல் சொல்லுங்கள். மருந்தின் அளவை அதை வைத்துத்தான் போடுவார்.