ஏவுகணை விழுந்தால் ஒரு டாலர்: பாலிமார்க்கெட் பற்றி ஒரு கிளெய்ம்ஸ் ஆளின் மதிப்பீடு

2025 ஜூன் 23, திங்கட்கிழமை. தோஹா நஜ்மாவில் நாங்கள் நான்கு பேர் சேர்ந்து தங்கியிருக்கும் ஃபிளாட். அடுப்பில் ரசம் நுரை கட்டிவந்த நேரம், ஏழரை தாண்டியிருக்கும், ஜன்னல் கண்ணாடி அதிர்ந்தது. மொட்டை மாடிக்கு ஓடினோம். தென்மேற்கு வானத்தில் ஆரஞ்சுப் பொட்டுகள் ஒன்றன்பின் ஒன்றாக ஏறிப்போய் வெடித்தன. அமெரிக்கப் படை இருக்கும் அல் உதைத் விமானத் தளத்தை நோக்கி ஈரான் ஏவுகணை விட்டிருந்தது. நாகப்பட்டினத்திலிருந்து மனைவி போனில், "என்னங்க, முதல்ல கீழ எறங்குங்க. ஜன்னல் பக்கம் நிக்காதீங்க" என்று அழுதுகொண்டே சொன்னாள்.

கீழே வந்ததும் எங்களோடு தங்கியிருக்கும் தம்பி மொபைலை நீட்டினான். "அண்ணே, சண்டை எப்ப நிக்கும்னு இதுல ரேட் ஓடுது பாருங்க." ஜூலைக்கு முன் இஸ்ரேலும் ஈரானும் போரை நிறுத்துமா என்று ஒரு கேள்வி. பக்கத்தில் ஆம், இல்லை என இரண்டு பொத்தான்கள், அவற்றில் விலை. அவன் பணம் போடுகிறவன் இல்லை. செய்தி பார்ப்பதுபோல அந்த விலையைப் பார்க்கிறான். பாலிமார்க்கெட் என்ற அந்தப் பந்தயத் தளத்தை நான் முதன்முதலில் பார்த்தது அப்படித்தான். அதன்பிறகு மாதக்கணக்காகக் கவனித்துவருகிறேன். நானும் ஒரு காசு போட்டதில்லை. பதினான்கு வருடமாகக் கடல்வழிச் சரக்குக் காப்பீட்டில் கிளெய்ம், அதாவது இழப்பீட்டுக் கோரிக்கை, பார்ப்பது என் வேலை. அந்தக் கண்ணோடுதான் இதை எழுதுகிறேன்.

முதலில், சேவை எப்படி நடக்கிறது என்று சொல்லிவிடுகிறேன். 2020-இல் ஷேன் கோப்லன் என்ற இளைஞர் நியூயார்க்கில் தொடங்கியது. ஒவ்வொரு கேள்விக்கும் ஆம், இல்லை என்று இரண்டு பங்குகள். ஆம் பங்கு 30 சென்ட்டுக்கு விற்றால், அது நடக்க நூற்றுக்கு முப்பது வாய்ப்பு என்று சந்தை நினைப்பதாகப் பொருள். நடந்தால் பங்கு ஒரு டாலராகும், நடக்காவிட்டால் பூஜ்யம். பணம் டாலருக்கு நிகரான டிஜிட்டல் காசில் ஓடும். திரை சுத்தமானது, சின்னப் பிள்ளைக்கும் புரியும். விளையாட்டுப் போட்டி, தேர்தல், விமானத் தாக்குதல் எல்லாமே ஒரே மாதிரிப் பெட்டிக்குள் வருகின்றன. மேலே விரலை ஓட்டிக்கொண்டே போகும்போது எந்தப் பெட்டியில் மனிதர் சாகிறார் என்று கண்ணுக்குத் தெரியாது. என் முதல் புகார் அது.

இரண்டாவது, விதிகள். எந்தச் சேவையிலும் நான் முதலில் படிப்பது ஷரத்துகளைத்தான். ஒரு நாடு இன்னொரு நாட்டைத் தாக்குமா என்று கேட்கும் பக்கங்களில் கீழே விதி எழுதியிருப்பார்கள். இடைமறிக்கப்பட்ட ஏவுகணை கணக்கில் வராது, தரையைத் தொட வேண்டும் என்பது அவற்றில் பல இடங்களில் நான் பார்த்தது. அன்று எங்கள் பக்கம் வந்தவை 19, தளத்தில் விழுந்தது ஒன்று என்று கத்தார் அரசு சொன்னது. யாரும் சாகவில்லை. அந்த விதிப்படி பார்த்தால் எங்கள் உயிரைக் காப்பாற்றிய பதினெட்டு இடைமறிப்பும் ஒன்றுமில்லை, விழுந்த அந்த ஒன்றுக்குத்தான் பணம். இதைப் புரிந்துகொண்ட இரவு நான் சரியாகத் தூங்கவில்லை.

விழுந்ததா இல்லையா என்று யார் தீர்ப்பது? எங்கள் தொழிலில் சேதத்தை மதிப்பிடும் சர்வேயர் துறைமுகத்துக்கே போய், நனைந்த மூட்டையைக் கையால் தொட்டுப் பார்த்து அறிக்கை எழுதுவார். இங்கே ஒருவர் பிணைத்தொகை கட்டி "இதுதான் முடிவு" என்று முன்மொழிகிறார். மறுப்பு முற்றினால் யூமா என்ற டிஜிட்டல் டோக்கனை வைத்திருப்பவர்கள் வாக்களிக்கிறார்கள். டோக்கன் அதிகம் வைத்திருப்பவருக்கு வாக்கும் அதிகம். அவர்களே பந்தயமும் கட்டியிருக்கலாம். 2025-இல் உக்ரைன் அதிபர் ஸெலன்ஸ்கி சூட் அணிந்தாரா என்ற கேள்விக்கு 20 கோடி டாலருக்கு மேல் புரண்டு, எத்தனையோ பத்திரிகைகள் சூட் என்று எழுதிய பிறகும் "இல்லை" என்று முடித்தார்கள். ஒரு கோட்டுக்கே இந்தப் பாடு என்றால், இடிந்த கட்டடத்துக்கு யார் நியாயம் சொல்வது?

சில பேர் கேட்பார்கள்: நீங்களும் போருக்குக் காப்பீடு விற்கிறீர்களே, போர் ஆபத்துக்கென்று வார் ரிஸ்க் பிரீமியம் வாங்குகிறீர்களே, வித்தியாசம் என்ன? நியாயமான கேள்விதான். எங்களிடம் யாராவது பாலிசி கேட்டால், சரக்கு உன்னுடையதா, இன்வாய்ஸ் எங்கே, கப்பலில் சரக்கு ஏற்றியதற்கான பில் ஆஃப் லேடிங் எங்கே என்று கேட்போம். கப்பல் மூழ்கினால் நஷ்டப்படுகிறவர் மட்டுமே கப்பலுக்குக் காப்பீடு எடுக்க முடியும். இதை இன்சூரபிள் இன்ட்ரஸ்ட் என்போம். வேலைக்குச் சேர்ந்த முதல் வாரம் எனக்குச் சொல்லிக்கொடுத்த பாடம் இது. அந்த விதி சும்மா வந்ததல்ல. பதினெட்டாம் நூற்றாண்டில் லண்டனில் முன்பின் தெரியாத ஆட்களின் உயிர்மீது பாலிசி எடுத்து, அவர்கள் எப்போது சாவார்கள் என்று காத்திருந்தார்கள். அதை நிறுத்தத்தான் 1774-இல் ஆயுள் காப்பீட்டுச் சட்டம் வந்தது. தனக்குச் சம்பந்தமில்லாத உயிர்மீதோ வேறெந்தச் சம்பவத்தின்மீதோ பாலிசி எடுத்தால் செல்லாது என்றது அது. இந்தியாவின் 1963 கடல் காப்பீட்டுச் சட்டமும் பந்தயமாக எடுத்த பாலிசி செல்லாது என்கிறது. தெஹ்ரானில் வீடு இருப்பவர் பாதுகாப்புக்காக ஆம் பங்கு வாங்கலாமே என்றால், வாங்கலாம். ஆனால் அவரிடம் வீட்டுப் பத்திரத்தை யாரும் கேட்பதில்லை. தெஹ்ரானைப் படத்தில்கூடப் பார்க்காதவரும் அதே விலைக்கு வாங்குகிறார். ஒருவர் வீட்டை இழந்து அழும் நேரத்தில் இன்னொருவர் கணக்கில் பணம் ஏறுகிறது.

இதைவிடப் பெரிய ஓட்டை ஒன்று உண்டு. புயல் எப்போது அடிக்கும் என்று புயலோடு பேசி முடிவு செய்தவர் யாரும் இல்லை. விமானத் தாக்குதலோ மனிதர் ஓர் அறையில் உட்கார்ந்து எடுக்கும் முடிவு. நாளும் நேரமும் சிலருக்கு முன்பே தெரியும். 2026 ஜனவரி 3 அன்று வெனிசுலாவில் அதிபர் மதுரோவை அமெரிக்கப் படை பிடித்தபோது, அவர் பதவி போகும் என்று சற்றுமுன் பணம் போட்ட ஒரு கணக்குக்குச் சுமார் 4 லட்சம் டாலர் லாபம் கிடைத்தது. பிப்ரவரியில் இஸ்ரேலில் ஒரு ரிசர்வ் படைவீரர் மீதும் ஒரு சிவிலியன் மீதும் குற்றப்பத்திரிகை. ராணுவ ரகசியத்தை வைத்து இதே தளத்தில் பந்தயம் கட்டினார்கள் என்பது குற்றச்சாட்டு. பணத்துக்காக ரகசியத்தை வெளியே கொண்டுவருபவர், நாளைக்குப் பணத்துக்காகத் தாக்குதலை ஒரு நாள் முன்னே தள்ளவும் ஆசைப்படலாம். என் பயம் அதில்தான்.

வாஷிங்டனுக்கு இது புதிதும் அல்ல. 2003-இல் பென்டகனின் ஆராய்ச்சிப் பிரிவான டார்பா நிறுவனமே மத்திய கிழக்குக்கு இப்படியொரு சந்தை போடத் திட்டமிட்டது. ஜூலை 28 அன்று செனட்டர்கள் ரான் வைடனும் பைரன் டோர்கனும் அதை வெளியே சொல்லிக் கண்டித்தார்கள், மறுநாளே கைவிட்டார்கள். போர், பயங்கரவாதம், படுகொலை பற்றிய ஒப்பந்தங்களை முறையான சந்தைகளில் பட்டியலிடக் கூடாது என்று முன்பேர ஒப்பந்தச் சந்தைகளைக் கண்காணிக்கும் அமெரிக்க ஆணையமான சிஎஃப்டிசியின் விதியும் இருக்கிறது. 2022 ஜனவரியில் பாலிமார்க்கெட்டுக்கு அந்த ஆணையம் 14 லட்சம் டாலர் அபராதம் போட்டது, பதிவில்லாமல் சந்தை நடத்தியதற்காக. 2025 அக்டோபரிலோ நியூயார்க் பங்குச் சந்தையின் உரிமையாளரான ஐசிஇ 200 கோடி டாலர் வரை இதில் முதலீடு செய்வதாக அறிவித்தது. ஒரு நாளில் வெட்கப்பட்டுக் கைவிட்ட யோசனை இருபத்திரண்டு வருடத்தில் எங்கே வந்து நிற்கிறது பாருங்கள்.

ஐந்துக்கு ஒன்று தருகிறேன். அந்த ஒன்றும் விதிகளை மறைக்காமல் எழுதிவைத்திருப்பதற்கு. தேர்தலுக்கும் வட்டி விகிதத்துக்கும் இந்த முறை பயன்படலாம், அதில் எனக்குச் சண்டை இல்லை. குண்டு பற்றிய பக்கங்களை மட்டும் மொத்தமாக எடுத்துவிட வேண்டும்.

"பணம் போடாம, தகவலுக்காகப் பாக்கலாமேண்ணே" என்று தம்பி இன்னமும் கேட்கிறான். அந்தத் திங்கட்கிழமையையே அவனுக்கு ஞாபகப்படுத்தினேன். அமெரிக்கத் தூதரகம் தன் ஆட்களை இருந்த இடத்திலேயே இருக்கச் சொன்னது பகலில். கத்தார் வான்வெளியை மூடியது ஏழு மணிக்கு முன். எங்களுக்கு வேண்டியதெல்லாம் அந்த இரண்டு அறிவிப்பிலேயே இருந்தது. ரசத்தை அப்படியே வைத்துவிட்டு, நான்கு பேரும் ஜன்னல் இல்லாத நடைவழியில் பாய் விரித்து உட்கார்ந்திருந்தோம். நள்ளிரவு தாண்டி வான்வெளி திறந்தாயிற்று என்று செய்தி வந்தது. ஊரில் அப்போது கிட்டத்தட்ட மூன்று மணி. அதைச் சொன்ன பிறகுதான் என் மனைவி போனை வைத்தாள்.