விடியற்கால நடையா, உணவுக்குப் பிந்தைய நடையா?

புத்தாண்டில் தொடங்கும் ஒரு மணி நேர விடியற்கால நடை, மார்கழிக் குளிர் இருக்கும்வரை இன்பமானதுதான். ஆனால் அது உறங்கும் நேரத்தையே மாற்றக் கோருவதால், காலையில் சமைத்துப் பிள்ளைகளைப் பள்ளிக்கு அனுப்புபவர்களுக்கு விரைவில் சுமையாகிவிடுகிறது. உணவுக்குப் பிந்தைய பத்து நிமிட நடையோ, அன்றாடம் தவறாத ஒரு செயலோடு ஒட்டிக்கொள்வதால் எளிதில் பழகிவிடுகிறது. தசைகள் குளுக்கோசை எடுத்துக்கொள்வதால், சாப்பிட்டபின் ஏறும் இரத்தச் சர்க்கரையும் ஓரளவு தணிகிறது.

உலக சுகாதார நிறுவனம் பெரியவர்களுக்கு வாரத்துக்கு 150 முதல் 300 நிமிட மிதமான உடலியக்கத்தைப் பரிந்துரைக்கிறது. மூன்று வேளையும் சற்று விரைந்து நடந்தால் 210 நிமிடம் சேர்ந்துவிடும். தொடர்ந்து பத்து நிமிடமாவது இயங்க வேண்டும் என்ற பழைய நிபந்தனையையும் 2020ஆம் ஆண்டு வழிகாட்டுதல் கைவிட்டது.

காலை வெளிச்சமும் நடைத்தோழமையும் வேண்டுவோர் (தெருநாய்களுக்கு அஞ்சாதவர்களாகவும் இருந்தால் நல்லது) முதலாவதை நாடலாம்; புதிதாகத் தொடங்குவோருக்கு இரண்டாவதே பொருந்தும் என்பது என் கருத்து.