ஸோஹோ பில்லிங்: பழைய வாடிக்கையாளரிடம் வருமானம் கூட்ட உதவுமா?

செங்கோட்டையில் இருந்துகொண்டு புனலூர், கொல்லம் கடைகளுக்கு மாதச் சந்தாவில் சாஃப்ட்வேர் விற்பவர்களுக்கு, சந்தா பில் போடும் மென்பொருளான ஸோஹோ பில்லிங் தோதான கருவி. வாடிக்கையாளர் கேரளம் என்றால் 18% ஐஜிஎஸ்டி (வெளிமாநில விற்பனைக்கான ஜிஎஸ்டி), தென்காசிக் கடை என்றால் மத்திய, மாநில ஜிஎஸ்டி 9%+9%. முகவரியில் மாநிலத்தைச் சரியாகப் போட்டுவிட்டால் போதும்.

இதன் பலம் ஆட்-ஆன், அதாவது திட்டத்தோடு சேர்த்து விற்கும் கூடுதல் வசதி. கூடுதல் பயனர், இரண்டாவது கடை, எஸ்எம்எஸ் கட்டு என்று தனித்தனியாக விலை வைக்கலாம். 600 ரூபாய் திட்டத்தில் இருப்பவர் மாதத்தின் பாதியில் 1,000 ரூபாய் திட்டத்துக்கு மாறினால், மீதி நாளுக்கு 300 கழித்து 500 சேர்த்து, வரியோடு 236 ரூபாய்க்கு பில் வரும். இப்படி நாள் கணக்கில் பிரித்துப் போடும் புரோரேஷனை அணைத்து வைத்தால் இந்தக் கணக்கு வராது, சண்டைதான் வரும்.

சிக்கல் வேறிடத்தில். ரிசர்வ் வங்கி விதிப்படி இத்தகைய சந்தாக்களில் கார்டு, யுபிஐ வழியாக 15,000 ரூபாய்க்கு மேல் தானாகப் பணம் பிடிக்க ஒவ்வொரு முறையும் ஓடிபி வேண்டும். ஆண்டுச் சந்தாவை வரிக்கு முன் 12,711 ரூபாய்க்குள் வைத்தால் தப்பிக்கலாம். மேண்டேட்டின் (தானாகப் பணம் பிடிக்க வாடிக்கையாளர் தரும் ஒப்புதலின்) உச்சவரம்பை இன்றைய விலைக்கே பதிந்துவிடாதீர்கள். திட்டம் உயர்ந்ததும் பணம் பிடிக்காது, கடைக்காரரைப் புதிதாக ஒப்புதல் தரச் சொல்லி அலைய வேண்டும். இரண்டு மடங்காவது வைக்கச் சொல்லுங்கள்.

ரிப்போர்ட்டில் எம்ஆர்ஆர் (மாதாமாதம் வரும் சந்தா வருமானம்) ஏறுவதைப் பார்த்து மயங்க வேண்டாம், புது வாடிக்கையாளரும் அதில் கலந்திருப்பார். மாதத் தொடக்கத்தில் எம்ஆர்ஆர் 2,00,000 ரூபாய்; பழையவர்களின் உயர்வு 14,000, குறைப்பு 4,000, விலகல் 6,000 என்றால் மிஞ்சுவது 2,04,000, அதாவது பழையவர்களிடம் வருமானத் தக்கவைப்பு 102%. விலை உயர்த்தும் முன் பார்க்க வேண்டியது இந்த எண்ணைத்தான்.