கிளைக் கணக்குகளை ஒன்றுசேர்க்க எஸ்க்யூலைட்: ஒரு பயனரின் மதிப்பீடு

பத்தமடைக் கோரைப்பாய் விற்கும் கடை ஒன்றின் கணக்கு என் பொறுப்பில் இருக்கிறது. சேரன்மாதேவி, அம்பாசமுத்திரம், பாளையங்கோட்டை ஆகிய மூன்று கிளைகளின் விற்பனையும் எஸ்க்யூலைட் (SQLite) என்ற தரவுத்தள மென்பொருளின் தனித்தனிக் கோப்புகளில் பதிவாகிறது. அவற்றை ஒரே பட்டியலாக்க எனக்குப் பெரிதும் உதவுவது, நிலையான ஒரு மதிப்பை நெடுவரிசையாகத் தரும் வசதியாகும்.

தன் விற்பனையை மட்டுமே பதியும் கோப்பில் கிளைப் பெயருக்கு இடமில்லை. மூன்றையும் சேர்க்கும்போதுதான் எந்தப் பாய் எங்கே விற்றது என்ற கேள்வி எழுகிறது. அதற்காக அட்டவணைகளைத் திருத்த வேண்டியதில்லை. அட்டாச் (ATTACH) கட்டளையால் கோப்புகளை இணைத்து, தரவைக் கேட்கும் வினவலின் முதற்சொல்லான செலக்ட் (SELECT) என்பதை அடுத்து ஒற்றை மேற்கோளுக்குள் 'அம்பாசமுத்திரம்' என்று எழுதி, ஆஸ் (AS) கிளை என்று தலைப்பிட்டு, பிறகு வேண்டிய நெடுவரிசைகளைக் கேட்டால், வரும் வரிசை ஒவ்வொன்றிலும் அவ்வூர்ப் பெயர் அமைந்துவிடும். தலைப்பைத் தமிழிலேயே வைக்கலாம் என்பது எனக்கு மிகவும் பிடித்த செய்தி. மூன்று வினவல்களையும், எல்லா வரிசைகளையும் அப்படியே அடுக்கும் யூனியன் ஆல் (UNION ALL) கொண்டே இணைக்க வேண்டும். வெறும் யூனியன் இட்டால், ரசீது எண்ணைக் கேட்காத பட்டியலில், ஒரே கிளையில் ஒரே நாளில் ஒரே விலைக்கு விற்ற இரண்டு பாய்கள் ஒரு வரிசையாகச் சுருங்கி, வருமானம் குறைந்து தெரியும்.

விற்பனையே நடக்காத கிளையைப் பற்றியும் சொல்ல வேண்டும். அட்டவணையில் வரிசை இல்லையென்றால் நிலையான மதிப்பும் வராது. அந்த ஊரே பட்டியலில் இருக்காது. ஆனால் வரிசைகளைக் குழுவாகப் பிரிக்கும் குரூப் பை (GROUP BY) இல்லாமல் மொத்தத்தை மட்டும் கேட்டால், வெற்று அட்டவணையிலிருந்தும் ஊர்ப் பெயரோடு ஒரு வரிசை வரும். அங்கே கூட்டுத்தொகை காணும் சம் (SUM) செயற்கூறு, மதிப்பே இல்லை எனக் குறிக்கும் NULL-ஐத் தரும். எஸ்க்யூலைட்டுக்கே உரிய டோட்டல் (TOTAL) செயற்கூறோ பூச்சியத்தைத் தரும். கணக்கு எழுதுவோருக்கு இரண்டாவதே உகந்தது.

ஆண்டை நிலையான மதிப்பாக இடுவோர், மேற்கோளுக்குள் இட்ட 2024 எழுத்தாகவும் இடாத 2024 எண்ணாகவும் கொள்ளப்படும் என்பதை மறக்கக் கூடாது. ஒரு வினவலில் ஒருவிதமாகவும் மற்றொன்றில் வேறுவிதமாகவும் எழுதினால், தொகுக்கும்போது ஒரே ஆண்டு இரண்டாகப் பிரிந்து நிற்கும்.

என் பார்வையில் எஸ்க்யூலைட்டின் பெருங்குறை, இரட்டை மேற்கோளிடம் அது காட்டும் தாராளம். இரட்டை மேற்கோள் நெடுவரிசைப் பெயருக்கு உரியது; ஆயினும் அப்பெயரில் நெடுவரிசை இல்லாவிட்டால், எஸ்க்யூலைட் அதை வெறும் எழுத்துத் தொடராக ஏற்றுக்கொள்கிறது. இன்று சரியாக இயங்கும் "சில்லறை" என்ற மதிப்பு, பின்னாளில் யாரேனும் சில்லறை என்றொரு நெடுவரிசையைச் சேர்த்ததும், பிழைச் செய்தி ஏதுமின்றி அதன் உள்ளடக்கத்தைத் தரத் தொடங்கும். கணக்கு வேலையில் இத்தகைய மௌனப் பிழையைவிட ஆபத்தானது வேறில்லை. 2023இல் வெளியான 3.41.0 பதிப்பு முதல் எஸ்க்யூலைட்டின் கட்டளைவரிக் கருவி (கட்டளைகளைத் தட்டச்சு செய்து இயக்கும் நிரல்) இந்தச் சலுகையை இயல்பாகவே மறுத்துவிடுகிறது. மென்பொருள் இலவசம் என்பதால், பழைய பதிப்பை வைத்திருப்போர் தயங்காமல் மாற்றிக்கொள்ளலாம்.