12 வருடமாகக் கேட்கும் 'கோல்டு ஸ்பிரிங் ஹார்பர்'

அமெரிக்கப் பாடகர், பியானோ கலைஞர் பில்லி ஜோயலின் முதல் தனி ஆல்பம் இது. 12 வருடத்துக்கு முன்பு சி.டி.யாக வாங்கினேன். நான்கு வருடம் கழித்து, 1971-இல் வந்த அசல் எல்.பி. இசைத்தட்டு கிடைத்தது. இரண்டுமே அலமாரியில் இருக்கின்றன, இரண்டையுமே விடமுடியவில்லை.

அசல் தட்டில் வேகம் தப்பு. மாஸ்டரிங்கில், அதாவது தட்டுக்கான மூலப்பதிவைத் தயாரிக்கும்போது, வேகம் கூடிப்போய், எல்லாப் பாட்டும் சுருதி ஏறி ஒலிக்கிறது. 22 வயதுக் குரல், மீசை முளைக்காத பையனின் குரல் போலக் கேட்கும். ஜோயலுக்கே அந்தத் தட்டு பிடிக்கவில்லை. 1983-இல் மறுபடி வெளியிட்டபோதுதான் வேகத்தைச் சரிசெய்தார்கள். என் சி.டி. அந்தப் பதிப்பு.

'ஷீஸ் காட் எ வே' பாட்டை சி.டி.யில்தான் கேட்கவேண்டும். பியானோ மெதுவாக முன்னே போக, குரல் அவசரமே இல்லாமல் பின்னால் வரும். இத்தனை வருடத்தில் அது ஒருநாளும் சலிக்கவில்லை. 'டுமாரோ இஸ் டுடே' வேறு மாதிரி. மனம் நொந்து கிடந்த காலத்தில் எழுதியது, கேட்டாலே தெரியும். அதை நான் அடிக்கடி போடுவதில்லை. 'நாக்டர்ன்' வெறும் பியானோ, இரவு விளக்கணைத்த பிறகு அதுதான். நடுவில் இரண்டு மூன்று பாட்டுகள் சுமார், தாண்டிவிடுவேன்.

சரி, அப்புறம் எதற்கு எல்.பி.? 'யூ கேன் மேக் மீ ஃப்ரீ' பாட்டுக்காக. அசலில் கிட்டத்தட்ட ஆறு நிமிடம். மறுபதிப்பில் பாதிக்குப் பாதி வெட்டிவிட்டார்கள். கடைசியில் வாத்தியங்கள் எல்லாம் சேர்ந்து விரிந்துகொண்டே போகிற இடம் அதில் இல்லை. அந்தப் பாட்டுக்கு உயிரே அந்த இடம்தான், வெட்டியதை என்னால் ஏற்கமுடியவில்லை.

போன வருடம், தட்டு சுழலும் வேகத்தைக் கூட்டிக் குறைக்கும் பிட்ச் ஸ்லைடர் உள்ள டர்ன்டேபிள் வாங்கினேன். சி.டி.யில் ஒரு பாட்டை ஓடவிட்டு, அதே பாட்டைத் தட்டிலும் போட்டு, ஸ்லைடரை மயிரிழை மயிரிழையாக இறக்கினேன். ஓரிடத்தில் இரண்டு பியானோவும் ஒன்றாகிவிட்டன. அங்கே பென்சிலால் ஒரு கோடு போட்டேன். பிறகு தட்டைத் திருப்பவேயில்லை, அந்த ஆறு நிமிடப் பாட்டை ஜோயலின் சொந்தக் குரலில் மூன்று முறை கேட்டேன்.