‘ஒரிஜினல் டேப்பிலிருந்து’ என்று போட்டிருந்தால் கொஞ்சம் நில்லுங்கள்

பழைய ஆப்பிரிக்க ஃபங்க், ஆஃப்ரோபீட் இசைத்தட்டுகளின் மறுவெளியீட்டை இணையத்தில் வாங்குபவர்களுக்காக இதை எழுதுகிறேன்.

பெனின் நாட்டுக் கோட்டோனூ நகரத்தின் பாலி ரித்மோ குழு மேல் எனக்குப் பல வருடப் பைத்தியம். 1968-இல் மெலோமே கிளெமாங் என்ற இசைக்கலைஞர் தொடங்கிய இசைக்குழு அது. நூற்றுக்கணக்கான பாட்டுகள், அதில் பல சின்னச் சின்ன லேபிள்களில், அதாவது இசைத்தட்டு நிறுவனங்களில், வந்தவை. அசல் தட்டு கிடைப்பது குதிரைக்கொம்பு. அதனால் ‘ஒரிஜினல் டேப்பிலிருந்து ரீமாஸ்டர் (அதாவது ஸ்டுடியோவில் பதிவான மூல நாடாவிலிருந்தே எடுத்து ஒலியைச் செப்பனிட்டது), 500 பிரதிகள் மட்டும்’ என்று பார்த்ததும் யோசிக்காமல் பணத்தைக் கட்டிவிட்டேன். தபால் செலவும் சுங்க வரியும் தட்டின் விலையையே தொட்டது வேறு எரிச்சல்.

பிரித்ததுமே சுதாரித்திருக்க வேண்டும். அட்டையில் வட்டமாக ஒரு தேய்மானம். உள்ளே இருக்கும் தட்டு வருடக்கணக்கில் அழுத்தி அழுத்தி விழுமே, அந்த வளையம். புது அட்டையில் அது எப்படி வரும்? விரலால் தடவினால் வழவழவென்று இருக்கிறது. யாருடைய பழைய அட்டையையோ ஸ்கேன் பண்ணி அப்படியே அச்சடித்திருக்கிறார்கள். மூலையில் நீல பால்பாயின்ட் பேனாவில் யாரோ போட்ட கையெழுத்தும் சேர்ந்தே அச்சாகியிருந்தது!

சரி, பாட்டாவது நன்றாக இருக்கும் என்று ஊசியை வைத்தேன். இரண்டாம் பாட்டில் ‘டிக்... டிக்...’ தூசி என்று நினைத்துக் கழுவினேன், போகவில்லை. எல்பி எனும் பெரிய தட்டு நிமிடத்துக்கு 33⅓ சுற்று வேகத்தில் ஓடும், ஒரு சுற்று சுற்ற 1.8 நொடி ஆகும். அதில் கீறல் இருந்தால் சத்தமும் அந்த இடைவெளியில்தான் வர வேண்டும். கணினியில் ஏற்றி அளந்தால் 1.33 நொடி. அது 45 வேகத்தில் சுற்றும் சின்னத் தட்டின் கணக்கு. ஆக, கீறல் என் தட்டில் இல்லை, எவரோ வைத்திருந்த தேய்ந்த சிங்கிளில் இருந்தது. யூடியூபில் தேடினேன். அதே பாட்டு, அதே இடத்தில் அதே டிக்.

தட்டிலிருந்து எடுப்பதே தப்பு என்று சொல்லவில்லை. மாஸ்டர் டேப் தொலைந்துபோனால் நல்ல நிறுவனங்களும் தட்டைத் தேடிப் பிடித்துத்தான் வெளியிடுகின்றன. சொல்லிவிட்டுச் செய்கின்றன. ஜெர்மனியின் அனலாக் ஆப்பிரிக்கா 2008-இல் இதே குழுவுக்குப் போட்ட தொகுப்பைப் பாருங்கள், கூடவே பழைய படங்கள், பேட்டிகளோடு ஒரு கையேடு. என் தட்டில் வாசித்தவர்கள் பெயர்கூட இல்லை.

விற்றவருக்கு எழுதினேன். “அந்தக் காலத்து ஆப்பிரிக்க ரெக்கார்டிங் அப்படித்தான் இருக்கும்” என்றார். நைஜீரியாவின் லாகோஸ் நகரத்து இஎம்ஐ ஸ்டுடியோவில் பாலி ரித்மோ குழு பதிவு செய்த பாட்டுகளைக் கேட்டவன் வாயில் இந்த வார்த்தை வராது. உரிமை யாரிடம் வாங்கினீர்கள் என்ற கேள்விக்குப் பதிலே இல்லை. திருப்பி அனுப்பலாமாம், செலவு என்னுடையதாம். நீங்கள் அந்த உரிமைக் கேள்வியைப் பணம் கட்டும் முன்பே கேட்டுவிடுங்கள்.

நேற்று பார்த்தேன். ‘கடைசி சில பிரதிகள்’ என்று விலையை ஏற்றி இன்னும் விற்கிறார்கள். படத்தில் அந்தக் கையெழுத்து இருக்கும் மூலையை மட்டும் வெட்டியிருக்கிறார்கள்.